இரண்டாம் பாகத்தில் அவசரம் இல்லை

எங்கள் வீட்டில் இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு சண்டை தீராமல் கிடக்கிறது. சொத்துச் சண்டை இல்லை. இரண்டாம் பாகம் உசத்தியா, ஐந்தாம் பாகம் உசத்தியா என்கிற சண்டை. அக்கா இரண்டாம் பாகத்துக் கட்சி, நான் ஐந்தாம் பாகத்துக் கட்சி. யார் வந்து தீர்ப்புச் சொன்னாலும் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

வாள், மந்திரம், அரக்கர்கள், இடிந்த கோட்டைகள் என்று போகிற ஒரு வீடியோ கேம் தொடர் அது. இதுவரை ஏழு பாகங்கள் வந்திருக்கின்றன. பாகத்துக்குப் பாகம் கதையும் ஆளும் வேறு. ஒன்றை முடிக்க அறுபது எழுபது மணி நேரம் உட்கார வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா கேம் பெட்டியையும் இரண்டாம் பாகத்து டிஸ்க்கையும் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்குப் பதினான்கு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. எல்லாம் ஆங்கிலம். அக்கா அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்து எனக்குச் சொல்லுவாள். இன்று நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திச் சம்பளம் வாங்குகிறேன் என்றால், பாதி நன்றி அவளுக்கு, மீதி அந்த அரக்கர்களுக்கு.

நாயகனுக்கு நாமே பெயர் வைக்கலாம். அக்கா எங்கள் அம்மா பெயரை வைத்தாள். “ஐயையோ, அம்மா செத்துட்டாங்க!” என்று நாங்கள் கத்த, அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்து, “விளக்கு வைக்கிற நேரத்துல என்னடி பேச்சு இது?” என்று திட்டியது எத்தனை தடவை என்று கணக்கே இல்லை.

இப்போது வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாகத்தில் சண்டை முறை வைத்து நடக்கும். அரக்கன் அடித்துவிட்டு நின்றுகொள்வான். நம் முறை வந்ததும் ஒரு சின்ன அம்புக்குறி துடித்துக்கொண்டு நிற்கும். வாளா, மந்திரமா, மருந்தா என்று நாம் முடிவு செய்கிற வரைக்கும் அவன் அசைய மாட்டான். காப்பி குடித்துவிட்டு வரலாம், குளித்துவிட்டும் வரலாம். மூன்றாம் பாகமும் அப்படித்தான், பாட்டு மட்டும் கொஞ்சம் நன்றாக இருக்கும். நான்காம் பாகத்தில் எல்லோரும் பேசிப் பேசியே உயிரை எடுத்தார்கள். ஐந்தில்தான் எல்லாம் மாறியது. அரக்கன் நமக்காக நிற்க மாட்டான். விரல் பறக்க வேண்டும். ஆறும் ஏழும் அப்படித்தான். எனக்கு அதுதான் பிடித்தது. “உன் ரெண்டாம் பாகம் தாலுகா ஆபீஸ் மாதிரி, முறை வர்றதுக்குள்ள வயசாயிரும்” என்பேன். “அதுல ஒரு அவசரமும் இல்லடி, அதான் அதோட அழகு” என்பாள் அவள்.

இத்தனை பிடித்த அந்த இரண்டாம் பாகத்தை அக்கா முடித்ததே கிடையாது. அதற்குக் காரணம் நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தால் வீட்டில் ஆளுக்கு ஒன்றை நாற்பது நாளைக்கு விட வேண்டும். அப்பா சிகரெட்டை விடுவார், அம்மா காப்பியை விடுவார். எங்களுக்குக் கேம். கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணி போட்டு மூடுவார்கள் அல்லவா, அதே மாதிரி அம்மா ஒரு ஊதா ஜாக்கெட் துணியை எடுத்து கேம் பெட்டியை மூடிவிடுவார். அந்த வருடம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் அக்கா கடைசிக் கோட்டை வாசலில் நின்றாள். உள்ளே போனால் கடைசி அரக்கன், அவ்வளவுதான். “இன்னிக்கே அடிச்சிரு” என்று நான் குதித்தேன். “நாப்பது நாள்ல அவன் எங்க ஓடியா போயிருவான்?” என்று, விட்ட இடத்திலிருந்து தொடர ஆட்டத்தைச் சேமித்துவிட்டு எழுந்துபோனாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. கோயிலில் பதினான்கு ஸ்தலத்திலும் நின்று ஜெபிக்கிற சிலுவைப் பாதைக்கு எல்லோரும் கிளம்பினார்கள். எனக்கு வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். வாசல் கேட்டைச் சாத்துகிற சத்தம் வந்ததும் ஊதாத் துணியை விலக்கினேன். காதை வாசலிலும் கண்ணைத் திரையிலும் வைத்து ஒரு மணி நேரம் ஆடியிருப்பேன். செருப்புச் சத்தம். பதறிப்போய்ச் சேமித்தேன். சேமித்து வைக்க இரண்டு இடம் உண்டு; முதல் இடம் அக்காவுடையது, இரண்டாவது இடம் என்னுடையது. நான் அழுத்தியது முதல் இடத்தில். அவளுடைய எழுபது மணி நேரத்துக்கு மேல் என்னுடைய முப்பது மணி நேரம் போய் உட்கார்ந்துவிட்டது. அப்படியே விட்டால் மாட்டிக்கொள்வேன் என்று அதையும் அழித்து, இடத்தைக் காலியாக்கி, துணியைப் போர்த்திவிட்டு வந்து படுத்தேன். இப்போது நிஜமாகவே வயிறு வலித்தது.

ஈஸ்டர் அன்று மதியம் அக்கா பெட்டியைப் போட்டாள். முதல் இடம் காலி. “கரண்ட்டு போயிருச்சுல்ல ஒருநாள், அதுல அழிஞ்சிருக்கும்” என்றேன். நம்பினாள். அன்று வீட்டில் பிரியாணி. அவள் ஒரு வாய் வைக்கவில்லை. அதன் பிறகு மூன்று, நான்கு, ஐந்து என்று எல்லாம் ஆடினாள், இரண்டை மட்டும் தொடவில்லை. நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லித் தீர்த்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

போன வருடம் அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. பாலசமுத்திரத்தில் கணக்கு டீச்சர் அவள், குரல் கடைசி பெஞ்சு தாண்டிப் போகும். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் நின்றன. உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தானுக்கு வேலை, வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை, அதனால் திண்டுக்கல்லுக்கு அம்மா வீட்டுக்கே கூட்டி வந்தோம். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு “ம்”, “வேணாம்”, “விடு” என்று மூன்று சொல்லில் நின்றது. டாக்டர், “இனிமே அவங்க மனசு வச்சாத்தான்” என்றார். அந்த மனசுதான் எங்கே போனதென்று தெரியவில்லை. ஊட்டினால் சாப்பிடுவாள். கையை நீட்டச் சொன்னால் சுவரைப் பார்ப்பாள். என் அக்கா அப்படியே போய்விடுவாளோ என்று பயந்தேன்.

நான் ஒரு மேதாவி. ஏழாம் பாகத்தைப் புதிதாக வாங்கி வந்து, இருப்பதிலேயே சுலபமான நிலையில் வைத்து, அவள் இடது கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். முதல் குட்டி அரக்கன் வந்தான். அவள் பொத்தானைத் தேடுவதற்குள் அடித்துப் போட்டுவிட்டான். மறுபடியும் வந்தான், மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை அவள் கன்ட்ரோலரைக் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம், கேம்மேல் கோபம், என்மேல்தான் எல்லாவற்றையும் விடக் கோபம். இருபது வருடமாக எதை வேகம், வேகம் என்று கொண்டாடினேனோ அது என் கண் முன்னாலேயே அவளை மூன்று முறை கொன்றது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பரணில் ஏறினேன். பழைய பெட்டி அதே ஊதாத் துணிக்குள் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.வி. ரிப்பேர் பார்க்கிற ஒருவர் இரண்டு நாள் வைத்திருந்து உயிர் கொடுத்தார். அந்த மனிதருக்கு ஆயிரம் கும்பிடு. இரண்டாம் பாகத்தைப் போட்டேன். அந்தப் பழைய பாட்டு வந்ததும் அக்கா மெல்லத் திரும்பினாள். திரையில் முதல் இடம் காலி, இரண்டாவது இடத்தில் என் ஆட்டம், பத்திரமாக. அவள் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கரண்ட்டு” என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. “கரண்ட்டு இல்லக்கா, நான்தான்” என்று ஆரம்பித்து, வெள்ளிக்கிழமை, வயிற்று வலி, செருப்புச் சத்தம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முகம் சிவந்தது. வாய் கோணிக்கொண்டு இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. அப்புறம் வந்தது, குழறிக் குழறி, ஆனால் முழுசாக வந்தது.

“தவக்காலத்துலயாடி ஆடுன? வெக்கங்கெட்டவளே! உன் வயித்து வலி சரியாகணும்னு... பதினாலு ஸ்தலத்துலயும் முட்டி போட்டு... வேண்டுனேன்டி நானு!”

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். “சேசுவே, என்னடி ஆச்சு? யாரு பேசுனா?”

“அக்காம்மா! அக்கா திட்டுறாம்மா!” என்று நான் அழுதேன், சிரித்தேன், ரெண்டும் சேர்த்துச் செய்தேன். ஆயுசில் எந்தத் திட்டும் எனக்கு அம்புட்டு இனித்ததில்லை. அம்மா தலைமாட்டிலிருந்த ஜெபமாலையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. முன்பு பேச முடியாமல் இருந்தாள், இப்போது வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் நான் வீட்டுக்கு வந்தபோது தலையணைமேல் கன்ட்ரோலரை வைத்து, இடது கையால் முதல் இடத்தில் புது ஆட்டம் தொடங்கியிருந்தாள். நாயகனுக்கு மறுபடியும் அம்மா பெயர். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

ஒரு அடி அடிக்க அவளுக்கு மூன்று நிமிடம் ஆனது. எந்த மந்திரம் என்று யோசிக்க வேண்டும், பட்டனைத் தேட வேண்டும், விரலுக்கு உத்தரவு போய்ச் சேர வேண்டும். அரக்கன் நின்றான். அம்புக்குறி துடித்துக்கொண்டே இருந்தது. நாங்களெல்லாம் பாசத்தில்தான் என்றாலும் அவளை அவசரப்படுத்தினோம். பாதிச் சொல்லிலேயே மீதியை நாங்கள் சொல்லி முடித்தோம். அந்த இரண்டாம் பாகம் ஒரு நாளும் அவளை அவசரப்படுத்தவில்லை. அதை உண்டாக்கிய, முகம் தெரியாத அந்த மனிதர்கள் எந்த ஊரில் இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பெண் தொப்பம்பட்டிப் பக்கம். ஒருநாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏனுங்க டீச்சர், அந்தக் கை சும்மா மடியில தூங்குதுங்களே. அதையும் கன்ட்ரோலர் மேல எடுத்து வையுங்க. அழுத்தாட்டியும் பரவால்லீங்க” என்றார். அக்கா இடது கையால் வலது கையைத் தூக்கி வைத்தாள். ஐந்து வாரம் அது வெறுமனே அங்கே கிடந்தது. ஆறாம் வாரம் கட்டைவிரல் ஒரு பட்டனைத் தொட்டது. “நான் அழுத்தித் தாரேன்க்கா” என்று ஒரு தடவை கை நீட்டினேன். “தொடாத” என்றாள். ஒற்றைச் சொல்தான், ஆனாலும் கடைசி பெஞ்சு வரை கேட்டிருக்கும்.

ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை மதியம் கடைசிக் கோட்டைக்குள் நுழைந்தாள். அம்மா வெங்காயம் உரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரச் சண்டைக்குப் பிறகு அரக்கன் சரிந்தான், திரை வெள்ளையானது, அம்மா பெயர் பெரிய எழுத்தில் வந்தது. “நானா ஜெயிச்சேன்?” என்று அம்மா கேட்டார். அக்கா தலையாட்டினாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

சேமிக்கலாமா என்று கேட்டது கேம். அம்புக்குறி முதல் இடத்தில் நின்றது. அக்கா இடது கட்டைவிரலால் அதை ஒரு படி கீழே இறக்கினாள். இங்கே ஏற்கனவே ஒரு ஆட்டம் இருக்கிறது, அழித்துவிட்டு எழுதலாமா என்று திரை கேட்டது.

“ஏ அக்கா, அது என்னோடது!”

அவள் வலது கட்டைவிரல் நடுங்கியபடி பட்டனை நோக்கி நகர்ந்தது. ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். கேம் காத்திருந்தது, நானும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அழுத்தினாள். இருபத்து நான்கு வருடமாக அங்கே இருந்த என் ஆட்டம் போனது.

தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“கரண்ட்டு போயிருச்சுடி” என்றாள்.