கொடியின் மறுமுனை

இதைக் கேட்டவர்களில் சிலர், "பனியில பிள்ளைக்குக் கண்ணு தெரியல" என்று முடித்துவிட்டார்கள். கண் தெரியவில்லை, சரி. கை பட்டதே? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நடந்த இடம், இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. நடந்தது போன ஜனவரியில். நடந்தது பிரேமினிக்கு.

பிரேமினி பதினோராம் வகுப்பு. பாடசாலைக் கெடட் அணியில், அதாவது மாணவர் படையில், இருந்தாள். சுதந்திர தின அணிவகுப்பில் கொடியைச் சுமக்க ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர், அவளும் லோஜினியும். வெள்ளிக்கிழமை பட்டாளத்திலிருந்து ஒரு சார்ஜன்ட் வந்து தெரிவு செய்வார் என்று அணிக்குப் பொறுப்பான ஜெயந்தினி டீச்சர் சொன்ன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைந்துபோனது. இவள் கால் பிசகினால் அவள் டீச்சரிடம் போட்டுக்கொடுத்தாள். அவள் சிரித்தால்கூட, நம்மை நினைத்துத்தான் சிரிக்கிறாள் என்று இவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமை மாலை, 5.40. கொடி இறக்கும் பயிற்சி. கொடி தரையில் படக் கூடாது. ஒருத்தி கயிற்றை இறக்க, மற்றவள் மறுமுனையை ஏந்தவேண்டும். பிறகு எதிரெதிரே நின்று மடிக்கவேண்டும். டீச்சருக்குப் போன் வந்தது. இருவரையும் இறக்கச் சொல்லிவிட்டுக் காரியாலயத்துக்குப் போனார். லோஜினி கையுறையை மறந்துவிட்டேன் என்று வகுப்புக்கு ஓடினாள்.

அந்த நேரம் பார்த்துப் பனி ஏறியது. முதலில் தேயிலை மறைந்தது. பிறகு மைதானம். கடைசியில் கொடிக்கம்பத்தின் உச்சியும் மறைந்தது.

5.52. கயிறு கம்பத்தில் மோதியது.

டக்... டக்...

சப்பாத்துச் சத்தம் கேட்டது. நேரே வந்து எதிரில் நின்றது. குதிகால்கள் சேர்ந்தன.

டப்.

லோஜினி வந்துவிட்டாள் என்று பிரேமினி கயிற்றை இறக்கினாள். மறுமுனை தாழவில்லை. ஏந்தியாயிற்று. துணி விறைத்து நின்றது.

அப்போதுதான் முதல் சந்தேகம். லோஜினியின் குதிகால் இத்தனை சுத்தமாக ஒருநாளும் சேர்ந்ததில்லை. திருட்டுத்தனமாக எங்கேயோ பழகியிருக்கிறாள். எங்கே? யார் சொல்லிக்கொடுத்தது?

நீளவாக்கில் ஒரு மடிப்பு. இன்னொன்று. இவள் கை அசையும் முன்பே எதிர்ப்பக்கம் மடிந்தது. பிறகு அந்த முனை சாய்வாக மடிந்து மடிந்து இவளை நோக்கி வந்தது. டீச்சர் சொல்லிக்கொடுத்த மடிப்பு அதுவல்ல.

"என்னாடி, புதுசா மடிக்கிற?"



மூச்சுச் சத்தம்கூட இல்லை...

பனிக்குள்ளிருந்து இரண்டு வெள்ளைக் கையுறைகள் வந்தன. பெரிய கைகள். கொடியை அவள் உள்ளங்கையில் வைத்தன.

வைத்தும் விலகவில்லை.

மெதுவாக, ஒரு தரம் அழுத்தின.

குளிர்... எலும்பு வரைக்கும்.

டப்.

காலடி திரும்பிப் போனது. பாடசாலைப் பக்கம் அல்ல. தேயிலைப் பக்கம்.

5.58க்குக் காரியாலய வாசலில் மூச்சிரைக்க நின்றாள். உள்ளே நாற்காலியில் லோஜினி. படியில் சறுக்கிவிட்டாளாம். வீங்கிய கணுக்காலில் டீச்சர் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இவ கால்மணி நேரமா இங்கதான் இருக்கா. நீ தனியா எப்படி இறக்கின?"

பிரேமினி கையிலிருந்த கொடியைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தன்னைச் சோதிக்கிறார்களோ என்றுகூட நினைத்தாள். ஆனால் லோஜினியின் கையைப் பார்த்தாள். சின்னக் கை. கொடியை அலுமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை சார்ஜன்ட் அலுமாரியைத் திறந்தார். கொடியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். யார் மடித்தது என்று சிங்களத்தில் கேட்டார். பிரேமினி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. கடைசியில் அது யார் கைக்குக் கொடுக்கப்பட்டது என்று மட்டும் கேட்டார். தன் கைக்கு என்றாள். டீச்சரிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

லோஜினியால் கால் ஊன்ற முடியாததால் இடம் பிரேமினிக்கே கிடைத்தது. சந்தோஷம்தான் வரவில்லை. சார்ஜன்ட் சொன்னதை டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருடைய முகாமில் அந்த மடிப்பு ஒரே ஒரு காரியத்துக்குத்தானாம். செத்துப்போன சிப்பாயின் பெட்டிமேல் போர்த்திய கொடியை எடுத்து, அவனுடைய சொந்த இரத்தத்தின் கையில் கொடுப்பதற்கு.

"எங்க வீட்டுல யாருமே பட்டாளத்துல இருந்ததில்லையே டீச்சர்."

அன்று மாலை 6.30. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அம்மா நாகலெட்சுமி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். பிரேமினி நடந்தது எதையும் சொல்லவில்லை. சும்மா கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"அம்மா, நம்ம குடும்பத்துல யாராச்சும் பட்டாளத்துக்குப் போயிருக்காங்களா?"

பிசைந்த கை நின்றது.

அம்மா எழுந்தாள். மாக் கையோடு போய்க் கதவைச் சாத்தினாள். பிறகுதான் திரும்பினாள்.

"அவரப் பத்தி உனக்கு யாரு சொன்னா?"