கெடிலக்கரை பால்கனியில் நிற்பவள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிதம்பரத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. நேற்று என்னிடம் கையை நீட்டியவர் இன்றைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று காதில் கேட்டுக்கொண்டே, அதே நாற்காலியில் அடுத்தவரை உட்காரவைத்து ஊசி குத்தியிருக்கிறேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் சொல்லி முடிக்கும்போது நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். பாருங்கள், பரவாயில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் சிரித்தேவிட்டிருப்பேன்.

என் தம்பி சரவணன் கடலூரில் ஒரு ஃபிளாட் வாங்கினான். செம்மண்டலம் பக்கம், கெடிலம் ஆற்றை ஒட்டி, கூட்டுறவு வீட்டுவசதி சங்கம் ஒன்று கட்டிய பழைய அடுக்குமாடி. சத்தம் சந்தடி இல்லாத தெரு. மூன்றாவது மாடியில் வீடு, பால்கனிக் கதவைத் திறந்தால் நேராக ஆறு, நாணல், கொக்கு, சாயங்காலமானால் கடல் பக்கமிருந்து வருகிற காற்று. நானும் எங்கள் வீட்டுக்காரரும் கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான். இப்போது இருக்கிற வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், அதில் ஒரு கழிவுநீர்க் குழாய். வாங்கியது கூடப்பிறந்த தம்பிதானே, சந்தோஷப்படவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். பட்டேன், வாயளவில் பட்டேன். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

எங்கள் பக்கம் புது வீட்டில் கூடப்பிறந்தவள்தான் பால் காய்ச்சவேண்டும். அதனால் அந்த வீட்டுக்குள் முதலில் வலது காலை எடுத்து வைத்தவளே நான்தான், அடுப்பு பற்றவைத்ததும் நான்தான். தம்பி பெண்டாட்டி மீனா பட்டுப்புடவையில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணி, பால் எந்தப் பக்கம் பொங்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். நல்ல பெண்தான், ஒரு குறை சொல்ல முடியாது, அதுவே எனக்கு இன்னும் எரிச்சல். பால் பொங்கி வழிகிற நேரத்தில் எல்லோரும் மனசுக்குள் சாமியை வேண்டிக்கொண்டு நின்றார்கள். இந்த வீடு எனக்கு வேண்டும் என்பதைத் தவிர என் மனசில் வேறு ஒன்றுமே இல்லை. பிறகு நான் கட்டியிருந்த பச்சைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பால்கனியில் போய் நின்றவள்தான், சாப்பிடக் கூப்பிடும்வரை நான் உள்ளே வரவில்லை.

அதற்கப்புறம் நான் அங்கே போகவே இல்லை. மூட்டு வலி, லேப்பில் லீவு இல்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து வந்து டீயோடு அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் போதும், மனசு பஸ் ஏறாமலே கடலூர் போய்விடும். இந்நேரம் வெயில் தாழ்ந்திருக்கும், கொக்கெல்லாம் திரும்பியிருக்கும், மீனா அங்கே நின்று காற்று வாங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பு ஓடும். டீ ஆறி ஆடை படிந்திருக்கும், எனக்குத் தெரியாது.

ஒருநாள் மீனா போன் பண்ணினாள், குரலில் கோபம். "ஏன் அண்ணி, கடலூர் வரைக்கும் வந்துட்டு எங்களப் பாக்காம போறீங்களாமே. எதுத்த வீட்டு அக்கா சொல்றாங்க, தெனம் சாயந்தரம் ஒங்க நாத்தனார் பால்கனியில நிக்கிறாங்கன்னு. சாவி யாரு குடுத்தா ஒங்களுக்கு, அவரா?"

வேண்டுமென்றே குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து நானும் விடவில்லை. "எனக்கு இங்க வேற வேல இல்ல பாரு, நாப்பது கிலோமீட்டரு வந்து ஒன் வீட்டு பால்கனியில நிக்கிறதுக்கு" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். பாவம், அவளே ஒரு நாள் ஆபீஸ் விட்டு வரும்போது ஆற்றங்கரை ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறாள். பூட்டின வீட்டு பால்கனியில் பச்சைச் சேலை. ஓடிப்போய்த் திறந்தால் யாருமில்லை. பிறகு அடிக்கடி. நம்பினால் நம்புங்கள், அந்தப் பெண் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, எல்லாம் செய்து பார்த்திருக்கிறாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள், யார் கண் என்று என்னிடம் மட்டும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் பிறந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, வீட்டை விற்றால்தான் வருவேன் என்றுவிட்டாள்.

விற்பதற்குப் போட்டார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கீழே இறங்கியதும் ஒருத்தர், "அந்தம்மா எப்ப காலி பண்ணுவாங்க?" என்று கேட்டாராம். இன்னொருத்தர் குடும்பத்தோடு வந்து, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிப் போய்விட்டார்.

தம்பி சிதம்பரம் வந்து என் எதிரில் உட்கார்ந்தான். ஆள் பாதியாகியிருந்தான். "அக்கா, வேற யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க. நீயே எடுத்துக்க. மொள்ள மொள்ளக் குடு போதும்" என்றான். அவன் வீடு கையைவிட்டுப் போகிறதே என்று எனக்கு அழுகை வரவேண்டும். வரவில்லை. வாயெல்லாம் பல்லாகிவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன், வேறென்ன சொல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் எங்கள் வீட்டுக்காரரும் போனோம். போய்ச்சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். சங்கத்து வீடு என்பதால், வாங்குகிறவர்கள் செயலாளரைப் பார்த்துப் பேசவேண்டும், சாவியும் அவரிடம்தான். அவர் கீழ் வீட்டிலேயே இருந்தார். எங்கள் வீட்டுக்காரர் உள்ளே போக, நான் ரோட்டோரம் நின்று தலையைத் தூக்கினேன்.

நின்றுகொண்டிருந்தாள். நான்தான். அதே பச்சைச் சேலை, அதே மாதிரி இடுப்பில் செருகல், கிராதியில் இரண்டு முழங்கையும் ஊன்றி ஆற்றைப் பார்த்துக்கொண்டு. எனக்கு முதலில் பயம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது, என் இடத்தில் யாருடி நீ என்று. அப்போது அவள் மெல்லக் குனிந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பால் காய்ச்சின அன்றைக்கு முகம் கழுவப் போய், மீனா வீட்டுக் கண்ணாடியில் பார்த்த பார்வை. நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கிடைத்ததை இன்னொருத்திக்கு விட மனசில்லாதவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது, பின்னால் நகர்ந்து ரோட்டோரத்து வேப்பமரத்தை ஒட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் சாவியோடு வெளியே வந்தார். நான் வேப்பமரத்தை ஒட்டி அவருக்குப் பின்னால் நிற்கிறேன், அவர் திரும்பவே இல்லை. அண்ணாந்து பார்த்து, ரொம்பச் சாதாரணமாக, "வசந்தி, சாவி எங்கிட்ட இருக்கு, நீ எப்புடி உள்ள போன?" என்று கேட்டார்.

"நான் இங்க நிக்கிறேங்க" என்றேன்.

திரும்பினார். என்னைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். அப்புறம் சாவியைக் கொண்டுபோய்ச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சிதம்பரம் வந்து இறங்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

வீடு இன்னும் விற்கவில்லை. தம்பி வேறு வாடகை வீடு பார்த்தபிறகுதான் மீனா திரும்பி வந்தாள், இப்போது இரண்டு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு நடந்ததைப் பற்றி இதுவரை பேசியதில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் நான் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து, "வசந்தி, இருக்கியா?" என்று ஒரு குரல் கொடுப்பார். இருக்கேன் என்று சொன்னாலும் நம்பாமல் எழுந்து வந்து, என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார். அவர் அந்தப் பக்கம் போனதும் எனக்கு ஒரே நினைப்புதான் வரும், உங்களிடம் சொல்வதற்கென்ன, இந்நேரம் அவளுக்குக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருக்கும்.