வாய்க்கரிசிக்கு வழி கேட்ட அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று தம்பி போனில் சொன்னான். படையலுக்கு வந்து உட்கார முடியாத மகள் எழுதியாவது அனுப்பட்டும் என்று நினைத்தான் போலும். எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் என் வாய்த்துடுக்கைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அது அம்மா எனக்குக் கொடுத்த சீர்.

அம்மா சதுரங்கப்பட்டினத்தில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாழ்க்கைப்பட்டு வந்தது எங்கள் குப்பத்துக்கு. அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது எனக்கு ஒன்பது வயது, தம்பி கைக்குழந்தை. கல்பாக்கம் குடியிருப்பில் வீடு வீடாக மீன் விற்று எங்களை ஆளாக்கினார். பேரம் பேசிய ஒரு விஞ்ஞானியிடம், "சார், நீங்க அணுவையே பொளக்குறீங்க, ஒரு சங்கரா மீனுக்கு இந்தப் பேஜார் பண்றீங்களே!" என்று கேட்டவர் அவர். அந்த மனிதர் கடைசிவரை வாடிக்கையாளராக இருந்தார்.

என்னைப் பக்கத்துக் குப்பத்தில் கட்டிக்கொடுத்தார். நடந்தால் அரை மணி நேரம். அப்போது பகை ஏதும் இல்லை. பிறகு மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குவலையில் வந்தது வினை. ஓர் ஊர் அந்த வலையைப் போட்டது, மற்ற ஊர் போடக் கூடாது என்றது. கடலில் கைகலப்பு, கரையில் படகுகளுக்குத் தீ. இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் கட்டுப்பாடு போட்டன. நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து கிடையாது. மீறுகிற வீட்டின் படகு கடலில் இறங்க முடியாது. அடித்துக்கொண்டது ஆம்பளைகள், தாய்வீடு அறுந்துபோனது எங்களுக்கு.

அந்த நேரத்தில்தான் நல்லிணக்க வேலைகளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் சிறு நிதி தருகிறது என்று செங்கல்பட்டில் யாரோ சொல்ல, அம்மா விண்ணப்பம் போட்டார். கரையோரக் குப்பத்துப் பெண்களையெல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். படிவத்தில் 'எதிர்பார்க்கும் மாற்றம்' என்ற இடத்தில் அம்மா எழுதியது ஒரே வரி: 'சாவுக்கு மகள் வரணும்.' திட்ட அலுவலராக இருந்த பெண் அதை அடித்துவிட்டு, 'சமூகங்களிடையே நல்லுறவு மேம்படும்' என்று எழுதினார்.

இரண்டு ஊர்த் தலைவர்கள் வீட்டுக்கும் அம்மா நாயாய் அலைந்தார். "யாரும் யாரையும் கட்டிப் புடிச்சிக்க வேணாம் அண்ணாத்த. வலை சமாச்சாரத்த நீங்களே பேசிக்கோங்க. பெத்தவ செத்தா பொண்ண வுடுங்க, அது போதும்" என்பார். கேட்டுக் கேட்டு அவர்களே சலித்துப்போய் இறங்கி வந்தார்கள்.

எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் வாக்குக் கொடுப்பதென்றால் அம்மன் கோயிலில் சூடம் கொளுத்தி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அம்மாவும் அதைத்தான் கேட்டார். அலுவலர் ஒப்பவில்லை. "சாமி, சூடம்லாம் வேணாம்மா. எங்க விதியில அதுக்கு இடமில்ல. பேப்பர்ல கையெழுத்து வாங்கிடலாம்" என்றார். மறுத்தால் நிதி நின்றுவிடுமே என்று அம்மா பயந்தார். மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டல் கூடத்தில், பேனருக்குக் கீழே தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள். அம்மா இலையைத் தொடவில்லை. "இன்னாமோ மனசு ஒப்பல. கோயில்ல வெச்சிருக்கணும்" என்று குழுப் பெண்களோடு போயிருந்த என்னிடம் முணுமுணுத்தார்.

நிறுவனத்தின் ஜீப் வந்துபோன வரைக்கும் அந்தக் கையெழுத்து செல்லுபடியானது. அம்மாவின் குப்பத்திலேயே பிறந்த என் ஓரகத்தி அவள் அப்பா சாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். திட்டக் காலம் முடிந்தது, நிறுவனம் வேறு மாவட்டத்துக்குப் போனது, மறுபடியும் வலைத் தகராறு வந்தது. எல்லாம் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அது ஊர் எல்லைக்கு வெளியே, யாரும் தடுக்கவில்லை. அந்த ஒப்பந்தத் தாளின் நகலை என் கையில் கொடுத்து, "நான் பூட்டா இத்த எடுத்துகினு போய் உங்க தலைவராண்ட காட்டு. வுடுவாரு" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நான்காம் நாள் காலையில் அம்மா கண்ணை மூடினார்.

தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் புகுந்த ஊர்த் தலைவர் அதை வாங்கி முழுதும் வாசித்தார். கெட்ட மனிதர் இல்லை, அவர் கண்ணும் கலங்கியது. "இது ப்ராஜெக்ட்டுக்குப் போட்ட கையெழுத்தும்மா. ஊருக்குப் போட்டதில்ல. அம்மன் முன்னால நான் இன்னா சத்தியம் பண்ணேன், சொல்லு? நீ போனா உன் ஊட்டுக்காரு படகு எறங்காது. அப்பால என்னாண்ட வந்து நிக்காத" என்றார்.

என் கணவர், "படகு போனா போவட்டும், நீ போ" என்றுதான் சொன்னார். அதை இங்கே எழுதாவிட்டால் எனக்குச் சோறு கிடைக்காது. நான்தான் போகவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பார்த்தேன், கால் வரவில்லை. பஞ்சாயத்தைத் திட்டி ஒரு பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அரை மணி நேர வழியில் என்னை யாரும் கட்டிப்போடவில்லை. இதை அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

தம்பி வீடியோ காலில் அம்மாவின் முகத்தைக் காட்டினான். "நல்லா தெரியுதாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எடுப்பதற்கு முன் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். நானும் என் அடுக்களையில் ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு நின்றேன்.

அம்மாவைக் குளிப்பாட்டிய தெருப் பெண்களுக்கும், பந்தல் போட்ட பிள்ளைகளுக்கும், வாட்ஸ்அப் குழுவில் பூப்படம் அனுப்பிய குப்பத்துச் சகோதரிகளுக்கும், 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று செய்தி அனுப்பிய நிறுவனத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எனக்கும் சேர்த்து இன்னொரு பிடி போட்ட தம்பி மனைவிக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. அது மகள் போட வேண்டியது. என் கையிலிருந்த அரிசியைக் கீழே கொட்ட மனம் வராமல் அரிசிப் பானையிலேயே திரும்பப் போட்டேன். மறுநாள் அதைத்தான் வடித்துத் தின்றோம்.