அவசர ஞானஸ்நானம்

திருப்பதியில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர், சாமான் எடுத்து வைத்ததும், “கவரு அவசரமா சார்?” என்று கேட்பார். வந்த புதிதில், “அவசரமில்லை, மெதுவா கொடுங்க” என்று சொல்லிவிட்டுக் காத்து நிற்பேன். அவர் பருப்பையும் சோப்பையும் பை இல்லாமல் அப்படியே என் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரத்திலிருந்து திருப்பதி மாவட்டத்து வரதய்யபாளையம் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்ததெல்லாம் ஒரு புலம்பெயர்வா என்று ஊரில் சிரிக்கிறீர்கள். துபாய் போனவனுக்குத் தெரியாத பாஷை, தெரியாத பாஷையாகவே இருக்கும். இங்கே தெரிந்த சொல்லே காலை வாரிவிடும்.

அது எவ்வளவு தூரம் வாரும் என்று என் மகள் பிறந்த அன்று தெரிந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். மனைவி ஜெசிந்தா ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரி மாடியில் படுத்திருந்தாள். குழந்தை கீழே ஐசியுவில், கண்ணாடிப் பெட்டிக்குள். பிழைக்குமா என்று கேட்டதற்கு டாக்டர், “செப்பலேமு” என்றார். சொல்ல முடியாதாம். மாடிக்குப் போனால் ஜெசிந்தா கேட்டது ஒன்றுதான்.

“புள்ளைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?”

எங்கள் ஊரில் பிறந்த குழந்தையைப் பற்றி அப்படிக் கேட்டால் ஞானஸ்நானத்தைத்தான் கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அது பெறாமல் இறக்கும் குழந்தையைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்று நானும் படித்தவன்தான். அந்த மதியம் படித்தது எதுவும் கைகொடுக்கவில்லை. பெயர்கூட இல்லாமல் என் பிள்ளை போய்விடுவாளோ என்று நடுங்கினேன். பங்குச் சாமியாருக்குப் போன் போட்டேன். அவர் தெலுங்கர்.

“ஃபாதர், பாப்பாவுக்கு ஞானஸ்நானம் அவசரம். ரொம்ப அவசரம்.”

“அவுனு, அந்தரிகீ அவசரமே கதா. ஆதிவாரம் தீஸ்குனி ரண்டி” என்றார் நிதானமாக. ஆமாம், எல்லோருக்கும் தேவைதானே, ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று அர்த்தம். வைத்துவிட்டார். மறுபடி போட்டால் சுவிட்ச் ஆஃப். கடைக்காரரிடம் ஒரு மாதம் படித்த பாடம் பயத்தில் பறந்துபோயிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் ஒரு கேள்வி உண்டு. ஆபத்து வேளையில் யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம்? யாரும் கொடுக்கலாம், கிறிஸ்தவர் அல்லாதவரும் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருக்க வேண்டும், தலையில் தண்ணீர் ஓட வேண்டும், வார்த்தை பிசகக் கூடாது. இந்தத் தைரியத்தில் நாங்கள் ஒரு பூனைக்குட்டிக்குச் சூசை என்று பெயர் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். மனிதருக்கு மட்டும்தான் செல்லும் என்பதைப் பிரம்பால் விளக்கினார்கள்.

ஐசியுவுக்குள் என்னை விடமாட்டார்கள். வெளியே வந்த நர்ஸ் தேவகியை மறித்தேன். புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண், நெற்றியில் குங்குமம். விஷயத்தைச் சொன்னேன்.

“நான் பெருமாள் சாமி கும்புடறவண்ணா. நான் ஊத்துனா செல்லுமா?”

“செல்லும்.”

“டாக்டரைக் கேட்டுக்கினு வரேன்.” போனாள், வந்தாள். “ஆறவச்ச வெந்நீர் கொஞ்சூண்டு ஊத்தலான்னாரு. இன்னா சொல்லணும்ணா?”

“பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன். பேர் அமலி.” இரண்டு தடவை சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். கண்ணாடி வழியாக அவளுடைய மாஸ்க் அசைவது தெரிந்தது, விரலிலிருந்து தண்ணீர் வழிவது தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

“சிஸ்டர் ஊத்திட்டாங்க” என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். எங்கள் ஊரில் சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி. அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் திருத்தவில்லை. அவள் நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

அமலி பிழைத்தாள். நாற்பது நாள் கழித்துக் கோவிலுக்குத் தூக்கிப் போனோம். ஏற்கெனவே செல்லும்படியாகக் கொடுத்திருந்தால் மறுபடி தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய், வெள்ளைத்துணி, மெழுகுவர்த்தி மட்டும்தான். ஊற்றியவரை விசாரிக்க வேண்டும் என்றார் சாமியார். லீவு போட்டுவிட்டு, குங்குமமும் மல்லிகைப்பூவுமாக வந்து நின்றாள் தேவகி. ஜெசிந்தா அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

என்ன சொல்லி ஊற்றினாய் என்று சாமியார் தெலுங்கில் கேட்டார்.

“அந்த மொத வார்த்தை அப்போ வாய்ல வர்லீங்க” என்றாள் தேவகி. “நைனா, சுதன், பரிசுத்த ஆவி பேர்ல நானு உனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன்னு சொன்னேன்.”

பிதா இருக்க வேண்டிய இடத்தில் நைனா. அப்படியானால் இந்த நாற்பது நாளும் என் பிள்ளை வெறுமனே இருந்தாளா? மனைவியை ஏமாற்றியதும் வீணா? ஜெசிந்தா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“நாயனா அண்டே தண்ட்ரே கதா” என்றார் சாமியார். நாயனா என்றால் தந்தைதானே. தண்ணீர்ப் பக்கம் போகாமல் எண்ணெய்ச் சிமிழைக் கையில் எடுத்தார். ஜெசிந்தா வீடு வரைக்கும் என்னோடு பேசவில்லை. ஆனால் கோவிலைவிட்டு இறங்குமுன் குழந்தையைத் தேவகியின் கையில்தான் கொடுத்தாள்.

இப்போது அமலிக்கு ஆறு வயது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தேவகி வந்து அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். போன கோடை விடுமுறையில் நம் ஊர்க் கோவிலில் பூசைக்கு நின்றோம். எல்லோரும் சிலுவை அடையாளம் போட “பிதா” என்று நெற்றியைத் தொட, என் மகள் உரத்த குரலில் “நைனா” என்று தொட்டாள். முன்வரிசையில் நின்ற அம்மாள் திரும்பி, “இது எந்த ஊரு செபம்?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா சொன்னாள்.

“அவளுக்குத் தண்ணி ஊத்துன செபம்.”