புரட்டாசிக் குருதி

வலப்பாதப் பெருவிரலில்தான் அது தொடங்கியது. பங்குனி மாதத்துப் பிற்பகல். வேலம்பாளையத்தில் பின்னலாடைத் தொழிற்கூடம் நடத்தும் என் மகன் செழியன், புதிதாகப் பின்னிய துணியொன்றை எனக்குக் காட்டக் கொணர்ந்திருந்தான். பச்சிளங்குழந்தைகளின் உடைக்குரிய மிக மெல்லிய துணி. அது கைநழுவி என் காலின்மேல் விழுந்தது. நான் அலறிவிட்டேன்.

காலையிலிருந்தே விரல் சிவந்து வீங்கியிருந்தது. செருப்பு உராய்ந்திருக்கும் என்று வாளாவிருந்தேன். ஒரு துண்டுத் துணியின் எடையையும் அவ்விரல் தாங்காதென்பதை அப்போதுதான் அறிந்தேன்.

என் தந்தையார் நீரிழிவால் (குருதியில் சர்க்கரை மிகும் நோய்) உணர்வு மரத்து ஒரு காலை இழந்தவர். தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அந்நோய் எனக்கும் வந்தது. மாத்திரைகள் கூடிக்கொண்டே சென்றன. அடுத்தது ஊசிதான் என்றார்கள். நாள்தோறும் குளித்தபின் என் கால்களை ஐயத்துடன் பார்ப்பது வழக்கமாயிற்று.

அக்காலத்தில் செழியனிடம் ஆடை வாங்க வந்த ஐரோப்பியர் ஒருவர், விருந்தில் சோற்றை ஒதுக்கிவிட்டுக் கோழியை மட்டும் உண்டாராம். "ஏனுங்கப்பா, அந்த மனுசன் அரிசி, கோதுமை எதையுமே தொடறதில்லீங்க. கறியும் முட்டையுந்தான். சுகரெல்லாம் ஓடியே போச்சுங்கறாருங்க" என்றான் மகன். அம்முறையை விளக்கும் கட்டுரைகளை இணையத்திலிருந்து அச்சிட்டும் தந்தான்.

என் மருத்துவர் தூத்துக்குடியிலிருந்து வந்து இந்நகரில் நிலைத்துவிட்ட அம்மையார். அரைமனத்துடன் இசைந்தார். ஆண்டுதோறும் குருதியை முழுமையாகச் சோதித்தாக வேண்டும் என்பது அவர் விதித்த கட்டுப்பாடு.

காலையில் முட்டை, நண்பகலில் ஆட்டிறைச்சி, மாலையில் கோழி. சோறும் களியும் பழமும் விலகின. சர்க்கரை இறங்கியது. மாத்திரைகளை மருத்துவரே ஒவ்வொன்றாக நிறுத்தினார். உடல் மெலிந்து நடை விரைவுபட்டது. என் மனைவி மட்டும் அடுக்களையிலிருந்து சொல்வாள்: "கோயலுச் சாமிக்கு வருசத்துக்கொருக்காத்தான் கெடா வெட்டறோம். இந்த ஊட்டுச் சாமிக்குத் தெனமும் வெட்டோணும்."

இரண்டு ஆண்டுகள் சோதனை முடிவுகள் குறையின்றி வந்தன. மருத்துவர் வியந்தார், நான் பெருமிதமுற்றேன்.

அதன்பின் வந்ததுதான் அந்த வீக்கம். அது கீல்வாதம் (மூட்டுகளில் உப்புப் படிகங்கள் தங்குவதால் எழும் கடுவலி) என்றார் மருத்துவர். குருதியில் யூரிக் அமிலம் (புலால் முதலிய உணவுகள் உடலில் சிதையும்போது மிகும் கழிவு) அளவு கடந்திருந்தது. நாளங்களில் படியும் தீய கொழுப்பும் மிகுந்திருந்தது. சென்ற ஐப்பசியில் அவரிடம் காட்டிய முடிவில் இவற்றின் சுவடே இல்லை. அரையாண்டில் இவ்வளவு ஏற்றமா? சிறுநீரகம் திடீரெனப் பழுதுபட்டதோ என அவர் ஐயுற்று, மேலும் சில சோதனைகளுக்கு எழுதினார்.

முடிவுக்குக் காத்திருந்த நாள்களில் ஓரிடத்தில் அமர இயலவில்லை. நடக்கவும் இயலவில்லை. காலைக் காப்பதற்காக மேற்கொண்ட உணவே காலுக்குப் பகையாயிற்றா என்னும் வினா, தெருவில் ஓயாது ஒலிக்கும் தையல் எந்திரங்களைப் போல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. ஆயினும் மருத்துவரின் புருவம் தளரவில்லை. பழைய முடிவுகளையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அருகில் அமர்ந்திருந்த என் மனைவி, பேச வேண்டுமென்றுகூட எண்ணாமல் சொன்னாள்:

"அந்தப் பழசெல்லாம் புரட்டாசிச் சனிக்கெழமை குடுத்த ரத்தமுங்க. அன்னிக்கு எப்படியும் பட்டினிதானே, அதோட குடுத்துரலாம்னு போயிருவாரு. அந்த மாசம் எங்கூட்டுல கறி ஏதுங்க?"

மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "மாசம் பூரா சாப்பிடலையா ஐயா?"

கீரையும் காயும் மோரும் கொஞ்சம் சுண்டலும் என்றேன்.

"எங்க வீட்டுல அந்த மாசமும் மீன் உண்டு ஐயா. எனக்குக் கேக்கவே தோணல" என்றார்.

வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய குருதியை, எப்படியும் வயிறு வெறுமையாக இருக்கும் விரத நாளில் கொடுப்பது சிக்கனமான ஏற்பாடு என்றே கருதியிருந்தேன். என் குருதி இரண்டு முறையும் புலால் நீத்த ஒரு திங்களைப் பற்றித்தான் சான்றுரைத்தது. எஞ்சிய பதினொரு திங்களை எவரும் உசாவவில்லை. இது அரையாண்டில் விளைந்த கேடன்று என்பது அக்கணமே விளங்கியது. பழுது எப்போது தொடங்கியது என்பதை இனி எவரும் கூறவியலாது.

இவ்வுணவை இப்படியே பத்தாண்டு தொடர்ந்தால் என்ன ஆகும் என்று வினவினேன்.

"எனக்குத் தெரியாது ஐயா. தெரிஞ்ச மாதிரி பேசுறவங்களை நம்பாதீங்க. சர்க்கரை இறங்குனது நிசம். இந்தக் கொழுப்பும் நிசம்."

இப்போது வாரத்தில் இருமுறை மட்டும் புலால். மற்ற நாள்களில் பருப்பு, கீரை, ஒரு கரண்டிச் சோறு. சர்க்கரை சற்றே ஏறியது. மாத்திரை ஒன்று திரும்ப வந்தது. விரல் மீண்டும் வீங்கவில்லை. இது என் உடலின் கணக்கு. உங்கள் உடலுக்கு அப்படியே பொருந்தாது. இந்நெறியில் நடப்பவர்களிடம் ஒன்றை மட்டும் வேண்டுகிறேன். வழக்கம்போல் உண்டுவரும் திங்களில் குருதி கொடுங்கள். விரதத்தையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

இன்று ஆவணி முடிகிறது. காலையில் குருதி கொடுத்து வந்தேன். மனைவி கறிச்சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். "ஏனுங்க, குடுத்துட்டீங்கல்ல? சட்டிய அட்டாலில போட்றட்டுங்களா?" என்று கேட்டாள். பரணில் போடச் சொன்னேன்.

முன்பெல்லாம் உடல் இன்றைக்குரியது என்றே எண்ணியிருந்தேன். சர்க்கரை நேற்றைய உணவைச் சொல்கிறது. நாளங்கள் பல்லாண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாய் திறவாதிருக்கின்றன.

செழியன் கொணர்ந்த அந்தத் துணியை மூக்குக்கண்ணாடி துடைக்க வைத்திருக்கிறேன். சற்றுமுன் அதை விரித்துப் பெருவிரல்மேல் போட்டுப் பார்த்தேன். கிடக்கிறது. எடையே தெரியவில்லை. அதை நலம் என்று கொள்வதா என்பதும் தெரியவில்லை.