மறைத்து வைத்த மஞ்சள் அலாரம்

போன வருஷம் மே மாதம், ஒரு புதன்கிழமை மதியம் பன்னிரண்டே கால் மணி இருக்கும். புதுச்சேரியில், ஊருக்கெல்லாம் இன்டர்நெட் கொடுக்கும் ஒரு தனியார் கம்பெனியின் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "டிவி பார்க்கிற வேலை" என்பேன். சுவர் முழுக்கத் திரை. மண்ணுக்கடியிலும் கம்பத்தின் மேலும் ஓடும் எங்கள் ஃபைபர் கேபிள்கள் அத்தனையும் அதில் கோடுகளாகத் தெரியும். கேபிளுக்குள் போகும் ஒளி குறைந்தால் மஞ்சள் அலாரம், நின்றே போனால் சிவப்பு. அலாரம் வந்தால் ஆளை அனுப்பி, சரியானதும் எழுதி வைக்க வேண்டும். எட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். அந்தத் திமிர் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரு மஞ்சள் அலாரம் தினமும் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கடலோரமாகப் போகும் மாற்றுக் கேபிளில் காலை பத்து மணிக்கு ஒளி குறையும், சாயங்காலம் ஐந்து மணிக்குத் தானாகச் சரியாகிவிடும். சேதராப்பட்டு வழியாக வரும் மெயின் கேபிள் அறுந்தால் மட்டும்தான் இந்த மாற்றுக் கேபிளுக்கு வேலை. மழை பெய்த ஒரு நாள் அந்த அலாரம் வரவில்லை. அப்படியென்றால் வெயில்தான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். 'வெயில் அலாரம்' என்று பெயரும் வைத்து, திரைக்கே வராதபடி மறைத்துவிட்டேன். எங்கள் அறையில் இது எல்லோரும் செய்வதுதான். மேனேஜர் எட்டிப் பார்க்கும்போது திரை பச்சையாக இருந்தால் அவருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் நிம்மதி.

அன்றைக்கு சேதராப்பட்டு பக்கம் வாய்க்கால் தோண்டிய ஜேசிபி ஒன்று மெயின் கேபிளைப் பிய்த்துப் போட்டது. சிவப்பு அலாரம். நான் பதறவேயில்லை. லைன்மேன் அண்ணனை வண்டியோடு அனுப்பிவிட்டு, எல்லா இணைப்பும் மாற்றுக் கேபிளுக்குத் தானாக மாறிவிடும் என்று சாதத்தில் கை வைத்தேன். மாறவில்லை. பாதி ஊரின் கோடுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

முதல் போன் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவிலிருந்து, பழைய லேண்ட்லைனில் வந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் எனக்குப் போனில் பழக்கம். நாற்பத்தைந்து வயசு ஆள், காலையில் வாய் குழறி, வலது கை விழுந்துபோய் வந்திருக்கிறார். தலை ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நரம்பு டாக்டர் வெளியூரில் இருக்கிறார். அவர் பார்த்துச் சொன்னால்தான் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். அந்த ஊசிக்கு நேரக் கெடு உண்டு, தாண்டினால் போட முடியாது. செல்போனில் அனுப்பலாம் என்றால் அந்தப் பக்கத்து டவர்களும் எங்கள் கேபிளில்தான் ஓடுகின்றன.

"அக்கா, இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்குதாம். அவரு பொண்டாட்டி என் எதிர்லயே நிக்கிறாங்க. நான் இன்னா சொல்றது?"

"பத்து நிமிஷம்மா" என்றேன். யார் கேட்டாலும் நாங்கள் சொல்வது அதுதான், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போனை வைத்துவிட்டு, மறைத்து வைத்த அலாரங்களின் பட்டியலைத் திறந்தேன். என் 'வெயில் அலாரம்' அன்று காலை பத்தே காலுக்கே சிவப்பாகியிருந்தது. மறைத்த அலாரம் நிறம் மாறினாலும் திரைக்கு வராது. அது எனக்குத் தெரியும், புதிதாகச் சேருபவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக் கொடுப்பேன்.

மெயின் கேபிளைப் பள்ளத்தில் தேடி எடுத்து ஒட்டவைக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். இன்னொரு வண்டி காரைக்கால் போயிருந்தது. கடலோரக் கேபிளோ ஏழு கிலோமீட்டர், எங்கே போய்த் தேடுவது? பழைய பதிவுகளைத் தேதி தேதியாகப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க மேகமூட்டம், வெயிலே இல்லை, மழையும் இல்லை. அன்றைக்கும் பத்து மணிக்கு அலாரம் வந்திருக்கிறது. ஆக, வெயில் இல்லை. காலையில் வந்து சாயங்காலம் போகிறது, மழையன்று வருவதில்லை, ஏப்ரல் பாதிக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கிறது. அப்போதுதான் உறைத்தது. மீன்பிடித் தடைக்காலம்! இரண்டு நாள் முன்னால்தான் மீனவர்கள் இருக்கும் குருசுக்குப்பம் வழியாக ஸ்கூட்டியில் வந்தேன். படகெல்லாம் கரையில், தெருவெல்லாம் வலை. எங்கள் கேபிள் அங்கேதான் கம்பத்தில் தாழ்வாகப் போகிறது. காலையில் அதில் வலையை மாட்டிப் பின்னி, சாயங்காலம் எடுத்துவிடுகிறார்களோ?

வண்டியைக் குருசுக்குப்பத்துக்குத் திருப்பலாம் என்று மேனேஜரிடம் ஓடினேன். "மெயின் அறுந்து கெடக்குது, நீ வலைங்கிற?" என்று கத்தினார். வேறு வழியில்லாமல் சொன்னேன், "சார், மூணு வாரமா அந்த அலாரத்த மறைச்சு வெச்சது நான்தான்." அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். ஆனால், "திருப்பு" என்று மட்டும் சொன்னார்.

கோரிமேடு தாண்டிப் போயிருந்த லைன்மேன் அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். அதற்குப் பிறகு இருபது நிமிஷம். அதற்குள் அந்த ஸ்கேன் பெண் இரண்டு முறை கூப்பிட்டாள். முதல் தடவை எடுக்கத் தைரியமில்லை. இரண்டாவது தடவை எடுத்து உண்மையைச் சொன்னேன். "தெரியலம்மா. ஒரு எடத்துல தேடப் போறோம். அங்க இல்லன்னா ரெண்டு மணி நேரம் ஆவும். டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடு." அவள் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் அழுகை கேட்டது.

என் யூகம் சரியாகவே இருந்தது. இரண்டு கம்பத்துக்கு நடுவே தொய்ந்திருந்த கேபிளில் பெரிய வலையைப் போட்டு, நைலான் கயிற்றால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அன்று வலையும் பெரிது, முடிச்சும் இறுக்கம். கேபிள் மடங்கி ஒளி நின்றுவிட்டது. லைன்மேன் அண்ணன் போனை வைக்காமலே சத்தம் போட, ஒரு அம்மா பதிலுக்குச் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. "இதுல கரன்ட்டு இல்ல, பயப்படாதீங்கன்னு உங்க ஆளுதான்யா சொல்லிட்டுப் போனாரு!"

அண்ணன் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னதும் சத்தம் அடங்கியது. முடிச்சு வலையின் கனத்தில் இறுகி, அவிழவில்லையாம். ஒரு வாரமாக உட்கார்ந்து பின்னிய வலையை, அந்த அம்மாவே கத்தி எடுத்து வந்து கயிற்றோடு சேர்த்து அறுத்துப் போட்டார். திரையில் கோடு பச்சையானது. ஸ்கேன் போய்ச் சேர்ந்தது, கெடு முடிவதற்கு ஏழெட்டு நிமிஷம் முன்னால் ஊசி போட்டார்கள். நான் கழிவறைக்குப் போய் அழுதேன்.

பதினைந்து நாள் கழித்து அந்த ஸ்கேன் பெண் கூப்பிட்டாள். அந்த நோயாளி, மனைவியின் தோளைப் பிடித்தபடி நடந்தே வீட்டுக்குப் போனாராம். அந்த மனைவி, "கம்பெனிக்கார அக்காவுக்கு ரொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லுங்க" என்றாராம். வலது கை விரல்கள் மட்டும் இன்னும் சரியாக மடங்கவில்லையாம். "இருக்கட்டும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன நடந்தது என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை, இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன். அந்த விரல்கள் போனது நான் தாமதப்படுத்திய அந்த முக்கால் மணி நேரத்தில்தானா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனால் தினமும் காலையில் என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போடும்போது, அதை இன்னும் மனைவியின் கையால் போட்டுக்கொள்ளும் அந்த முகம் தெரியாத மனிதரை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.