இருபத்தாறு பிறக்கும் நேரம்

மருதமுனையில் பாஹிமா என்ற பெயரில் பலர் இருக்கிறார்கள். அபாயா தைக்கிற பாஹிமாவின் வீடு எது என்று கேட்டால் சந்தியில் நிற்பவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். இருவத்தாறு பாஹிமா என்று கேட்டால் யோசிக்க மாட்டார்கள், கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அந்தப் பெயர் கேலியாகத்தான் வந்தது. போகப்போக அதில் ஒரு மரியாதையும், சொல்லப்போனால் கொஞ்சம் பயமும் ஒட்டிக்கொண்டது.

சுனாமி வந்த வருடம் அவளுக்கு இருபது வயது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கடல் பின்வாங்கித் தரை தெரிகிறது என்று யாரோ ஓடிவந்து சொன்னதும், உம்மா சின்னவள் நப்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கப் போனார். நளீமுக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. காய்ச்சலில் சிணுங்கிக்கொண்டிருந்த அந்தத் தம்பியைத் தோளில் போட்டுத் தட்டியபடி பாஹிமா வீட்டில் நின்றுவிட்டாள். இரைச்சல் கேட்டதும் அவனோடு பள்ளிவாசல் மேல்மாடிக்கு ஏறினாள். உம்மாவின் மையித்து மறுநாள் ஒரு முட்கம்பி வேலியில் கிடைத்தது. நப்லா கிடைக்கவே இல்லை.

அதன்பிறகு பாஹிமா ஈரமணலில் கால் வைத்தது கிடையாது. கடலைப் பகைத்துக்கொண்டாளா என்றால் அதுவும் இல்லை. கடற்கரை ஊரில் கடலைப் பகைத்துக்கொண்டு என்னத்தைச் சாப்பிடுவது? நளீமைத் தானே வளர்த்தாள். மாப்பிள்ளை பார்த்தபோது பஸால் என்ற கடற்றொழிலாளியைத்தான் கட்டினாள். நிக்காஹ் பேச வந்தவர்களிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: டிசம்பர் இருபத்தாறாம் திகதி மாப்பிள்ளை கடலுக்குப் போகக் கூடாது. வந்தவர்கள் சிரித்தார்கள். வருடத்தில் ஒரு நாள்தானே என்று பஸாலும் தலையாட்டினான்.

அந்தத் திகதியில் கடலின் வாய் திறந்திருக்கிறது என்பது அவளுடைய எண்ணம். மற்ற நாட்களில் கடல் மீன் தரும், சிலவேளை ஆளையும் எடுக்கும், அது தொழிலோடு உள்ளது. இருபத்தாறு அப்படியல்ல. நாளுக்கும் திகதிக்கும் ஒரு சக்தியும் இல்லை, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று மௌலவிமார் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவள் மௌலவிமாரிடம் கேட்கவில்லை.

பெண்களிடம் கேட்டாள். அபாயாவுக்கு அளவு கொடுக்க வருகிறவர்களின் தோளில் நாடாவைப் பிடித்தபடி, உங்கட ஆள் இருவத்தாறாம் திகதி கடலுக்குப் போவாரா என்று சாதாரணமாக விசாரிப்பாள். போவார் என்றால் நாடா அப்படியே நிற்கும். அந்தப் பெண் கண்ணாடியில் தன் முகத்தையும், தனக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் பாஹிமாவின் முகத்தையும் பார்ப்பாள். அன்று வீட்டுக்குப் போய்ப் புருசனைப் பேசவிடாமல் ஆக்குவாள். இப்படியே ஒவ்வொரு வீடாகக் கரை முழுவதும் அவள் பக்கம் வந்தது. கடைசியில் கடற்றொழிலாளர் சங்கமே இருபத்தாறாம் திகதி தொழில் இல்லை என்று முடிவெடுத்தது. ஒருமுறை றஸாக் என்ற படகுக்காரன் அதை மீறிப் போய்வந்தபோது, பாஹிமா பெண்களைத் திரட்டிக்கொண்டு சங்கத்தின் வாசலில் போய் நின்றாள். றஸாக்கின் எஞ்சினை ஒரு மாதம் பூட்டிவைத்தார்கள். அதோடு மீறுவதற்கு ஆளில்லாமல் போயிற்று.

ஒன்றை மட்டும் எல்லோரும் பேசாமல் விட்டுவிட்டார்கள். இருபத்தாறு எப்போது பிறக்கிறது?

பாஹிமாவுக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. இந்த ஊரில் வெள்ளி இரவு என்றால் வியாழன் பொழுதுபட்டு வருகிற இரவு. இரவு முந்தி, பகல் பிந்தி. அந்தக் கணக்கில் இருபத்தைந்தாம் திகதி மஹரிபு பாங்கோடு இருபத்தாறு ஊருக்குள் வந்துவிடும். பஸாலோடு ஒரே படகில் தொழில் செய்கிற குணம், பக்கத்து ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்தவர். அவருடைய வீட்டில் விடிந்தால்தான் நாள். கைபேசிக்கோ நள்ளிரவில் திகதி மாறும். இத்தனை வருடங்களாக முதல் நாள் பின்னேரமே எல்லோரும் வீடு திரும்பிவிட்டதால் இந்த மூன்று கணக்கும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவில்லை.

சுனாமிக்கு இருபத்தொரு வருடம் நிறைந்த முறை அது வெள்ளிக்கிழமையில் வந்தது. நவம்பர் கடைசியில் அடித்த புயலுக்குப் பிறகு கடல் வாரக்கணக்கில் கொந்தளித்துக் கிடந்தது. வியாழக்கிழமை காலையில்தான் அடங்கியது. அன்று போன படகுகள் பாரை மீனோடு வந்தன. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பஸால், எஞ்சினை ஒருக்கால் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். மஹரிபு பாங்கு கேட்டது. பள்ளிவாசலில் சுனாமியில் போனவர்களுக்காக யாசீன் ஓதத் தொடங்கினார்கள். பஸால் வரவில்லை. பாஹிமா போன் எடுத்தாள். மணி அடித்தது. அவனுடைய குரலுக்கு முன்னால் தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் வந்தது.

"எங்க நிக்கிறீங்க?"

"கோவிக்காத புள்ள. மீன் கரைக்குக் கிட்டத்தான் கெடக்கு. இன்னும் இருவத்தஞ்சுதானே."

"மஹரிபு சொல்லிட்டாங்க. இருவத்தாறு வந்திட்டு. திரும்புங்க."

பின்னால் குணத்தின் சிரிப்புக் கேட்டது. "தங்கச்சி, விடிஞ்சாத்தான் நாள். விடிய முதல் உங்கட ஆளைக் கொண்டுவந்து வாசல்ல விடுறன்." அதற்குமேல் காற்று மட்டும் இரைந்தது. பிறகு போன் வேலை செய்யவில்லை.

சுபஹுக்கு அவர்கள் வரவில்லை. வெளிச்சம் வந்தது, வெயில் வரவில்லை. வடகிழக்கில் வானம் சட்டியின் அடியைப்போலக் கறுத்திருந்தது. குணத்தின் மனைவி சுஜித்தா பாண்டிருப்பிலிருந்து கடற்கரை ஓரமாகவே நடந்து வந்தாள். செருப்பை எங்கேயோ விட்டுவிட்டிருந்தாள். பாஹிமாவைக் கண்டதும் அழவில்லை. பக்கத்தில் வந்து நின்று, மெல்லச் சொன்னாள்: "விடிஞ்சாத்தான் நாள் எண்டு சொல்லிற்றுத்தான் அக்கா போனவர். விடிஞ்சிட்டே."

சுனாமி நினைவுக்கல் கடற்கரை வீதியில் இருக்கிறது. ஒன்பது இருபத்தைந்துக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிற நேரத்தில் ஊரும் அங்கே நின்றது. சங்கத் தலைவர் முனாப் காக்கா முன்னால் தலை குனிந்து நின்றார். பாஹிமா எப்போதும்போல் வீதியின் கரையில், மணல் தொடங்குகிற இடத்துக்கு வெளியே நின்றாள். மௌனம் தொடங்கியதும் தலையைக் குனியாமல் கடலைப் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது. தூரத்தில் ஒரு படகு, மூக்கைத் திருப்ப முடியாமல் விலாவைக் காட்டிக்கொண்டு தெற்கே இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. துடுப்பின் நுனியில் ஒரு சிவப்புத் துணி அசைந்தது.

பக்கத்தில் சுஜித்தாவும் கண்டுவிட்டாள். அவளுடைய கை பாஹிமாவின் மணிக்கட்டை இறுக்கியது. கூட்டத்தில் இன்னும் சிலர் கண்டிருந்தார்கள். தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தத் திகதியை இந்த ஊருக்குக் கட்டாயமாக்கியவளே தொண்டையில் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு நின்றாள். படகு நகர்ந்தது. ஒலிபெருக்கி மௌனம் முடிந்தது என்று அறிவித்த பிறகும் சனம் அப்படியே நின்றது.

முனாப் காக்கா கடற்படைக்கு அறிவிப்பதாகச் சொன்னார். அறிவித்தும் விட்டார். அவர்கள் வந்து சேர நேரம் எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மணலில் வரிசையாக இருபது படகுகள் கிடந்தன. ஆண்கள் அவற்றைப் பார்த்தார்கள், பிறகு வானத்தைப் பார்த்தார்கள், பிறகு பாஹிமாவைப் பார்த்தார்கள். திகதியை அவர்களுக்குள் ஆழமாக இறக்கியவள் அவள்தான். இப்போது அது அவர்களுடைய காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

தண்ணீருக்குக் கிட்டக் கிடந்த படகு றஸாக்கினுடையது. பாஹிமா வீதியில் நின்றபடியே, படகை இறக்கிக்கொண்டு போகச் சொல்லி அவனைக் கேட்டாள். அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் அவளுக்கு எதிரே வந்து நின்றான்.

"எண்ட எஞ்சினைப் பூட்டி வெச்சது ஆரு ராத்தா?"

"நான்தான்."

"இண்டைக்கு என்ன திகதி?"

"இருவத்தாறு. போகாதீங்க எண்டு சொன்னதும் நான்தான், போங்க எண்டு சொல்றதும் நான்தான். படகு போகுது தம்பி."

றஸாக் கெட்டவனல்ல. ஆனால் அந்த ஒரு மாதத்தை அவன் மறக்கவில்லை. போகிறேன், ஆனால் படகில் முதலில் நீங்கள் கை வைத்துத் தள்ளவேண்டும், ஊர் பார்க்கவேண்டும், நாளைக்கு ஒருவரும் எனக்கு முன்னால் வந்து கதைக்கக் கூடாது என்றான். சுற்றி நின்றவர்கள் விலகி அவளுக்கு வழி விட்டார்கள். அது நியாயம் என்று அவர்களுக்குப் பட்டிருக்கவேண்டும்.

பாஹிமா மணலில் இறங்கினாள். காய்ந்த மணல் முடிந்து ஈரமணல் வந்தது. கால் உள்ளே போயிற்று. அது குளிராக இருக்கும் என்று நினைத்திருந்தாள். உடம்புச் சூடாக இருந்தது. ஒரு அலை வந்து அபாயாவை முழங்கால்வரை நனைத்தது. அவள் இரண்டு கைகளையும் படகின் பின்பக்கத்தில் வைத்து, பிஸ்மில்லாஹ் என்று மெல்லச் சொல்லித் தள்ளினாள். அவளுடைய தள்ளலுக்குப் படகு அசையவில்லை. பிறகு பத்துப் பதினைந்து கைகள் வந்து விழுந்தன. படகு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது. எஞ்சின் பிடித்த நொடியில் ஒருவன் பக்கவாட்டில் தாவி ஏறினான். நளீம். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, அல்லது எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

புருசனைக் கொண்டுவரத் தம்பியை அனுப்பிவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மழை கடல்மேலே வந்து இரண்டு படகுகளையும் மூடியது. ஜும்ஆவுக்கு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். பெண்கள் மணலிலேயே இருந்தார்கள். சுஜித்தா, பாஹிமாவின் நனைந்த அபாயாவைப் பிழிந்துவிட்டாள். எஞ்சின் நின்றிருக்கும், வேறொன்றும் இராது என்று அவள் சொல்வதும், ஓம் என்று இவள் சொல்வதுமாக நேரம் போயிற்று. சிலநேரம் பாஹிமாவின் கண் கடலை விட்டு அலை ஏறிவந்த கோட்டுக்குப் போய், அது முந்தி இருந்ததைவிட மேலே வந்திருக்கிறதா என்று பார்த்துத் திரும்பியது.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் வெள்ளைச் சட்டைகளோடு கடற்கரைக்கு இறங்கும்போது மழைத்திரை விலகியது. றஸாக்கின் படகு முன்னால் வந்தது, கயிற்றின் நுனியில் பஸாலின் படகு பின்னால் வந்தது. இரண்டிலும் ஆட்கள் நின்றார்கள். நளீம் கையை உயர்த்திக் காட்டினான். சுஜித்தா அப்போதுதான் அழுதாள். குணம் இறங்கியதும் அவருடைய நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். பஸால் உதடு வெடித்து, கண் சிவந்து, பாஹிமாவின் முகத்தைப் பார்க்காமல் வந்தான். எஞ்சின் விடியமுதலே நின்றுவிட்டது என்றும் நங்கூரம் பிடிக்கவில்லை என்றும் மணலைப் பார்த்துச் சொன்னான். அவள் அவனுடைய ஈரச் சட்டையின் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

அப்போது யாரோ பஸாலின் படகுக்குள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர் மற்றவரைக் கூப்பிட்டார். படகு விளிம்புவரை பாரை கிடந்தது. ஒவ்வொன்றும் கை நீளம், தொடையளவு தடிப்பம். இவ்வளவு மீனை அந்தக் கரை புயலுக்குப் பிறகு கண்டதில்லை. பாண்டிருப்புப் பக்கம் மீன் இன்னும் கொதிக்கிறது, தண்ணீர் கறுத்துப்போய்க் கிடக்கிறது என்று நளீம் உரத்த குரலில் சொன்னான். வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இரண்டாவது படகை உருட்டத் தொடங்கினார்கள், அதற்கடுத்து மூன்றாவதை.

மஹரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நாள் முடியவில்லை என்று பாஹிமா சொன்னாள். முனாப் காக்காவிடம் சொன்னாள், பஸாலிடம் சொன்னாள். முனாப் காக்கா வேறெங்கோ பார்த்தார். நனைந்த கையோடும் மணல் ஒட்டிய காலோடும் நிற்கிற ஒருத்தி அதைச் சொல்ல, கேட்பதற்கு அந்தக் கரையில் ஆள் இல்லை.

றஸாக் தன் படகின் மூக்கை மறுபடியும் கடலுக்குத் திருப்பினான். அவனிடம் இப்போது கோபம் இல்லை. உண்மையான சந்தோசத்தோடு சிரித்தான்.

"ராத்தா, மத்தப் படகுகளிலயும் ஒருக்காக் கையை வெச்சு விடுங்க. உங்கட கை பறக்கத்தான கை, தொட்டாப் பெருகுது."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நளீம் அவனுடைய படகில்தான் மறுபடியும் நின்றான். அவள் ஓடிப்போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தாள். இழுத்து நிறுத்தத்தான் பிடித்தாள். படகுகள் போகிற அவசரத்தில், அதையும் அவள் தள்ளிவிடுகிறாள் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். விளிம்பு அவளுடைய விரல்களிலிருந்து நழுவிப் போனது.

மழை விட்ட வானத்தின் கீழ், படகுகள் வரிசையாகக் கிழக்கே போயின. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அமைதியாகக் கிடந்தது. உம்மா நப்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிய காலையிலும் அது அப்படித்தான் கிடந்தது.